தந்தி இலாகாவிலிருந்து கலைக்கல்லூரிக்கு: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்

நம் மலரில் ஒவ்வொரு முறையும் ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகத் தருவது வழக்கம். விஞ்ஞானி, தேசத் தலைவர், கல்வி வள்ளல் என்று பலரைப் பற்றிப் படித்திருக்கிறோம். இந்த முறை ஓர் ஓவியரைப் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் கே.சி.எஸ். பணிக்கரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு.

ஆரணியில் விடுமுறை நாள்களில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் பட்டுத்தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள். பிளஸ் டூ வந்ததும் சிலருக்குக் கலைக்கல்லூரியில் சேர ஆசை வரும். உடனே போர்ட்ஃபோலியோ என்ற பேச்சு எழும். சொந்தமாக வரைந்த படங்களை அடுக்கி வைத்த ஒரு கட்டு, அவ்வளவுதான் அது. அதில் என்ன வைப்பது என்பது பிள்ளைகளின் கவலை. படம் போட்டால் வயிறு நிறையுமா என்பது பெற்றோரின் கவலை. இந்த இரண்டு கவலைக்கும் பணிக்கரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. அதனால்தான் அவர்.

பொன்னானிச் சிறுவன்

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி கோயம்புத்தூரில் பிறந்தார். மலபார்க் குடும்பம். பள்ளிப் படிப்பு கேரளத்துப் பொன்னானியில். பாரதப்புழை கடலோடு கலக்கிற ஊர் அது. தென்னந்தோப்பும் தண்ணீரும் பச்சை வெளிச்சமுமாக இருக்கும். அந்த ஊரின் நிறம் அவர் கண்ணில் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரைய ஆரம்பித்துவிட்டார். பதினேழு வயதில் அவருடைய படங்கள் சென்னையில் மெட்ராஸ் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றன.

இதில் மாணவத் தம்பி, தங்கைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பையன் வரைந்தது கண்ணெதிரே இருந்ததை. தன் ஊர்த் தண்ணீரை, தன் ஊர் மரத்தை. இன்று நம் பிள்ளைகள் கொண்டுவரும் கட்டைப் பிரித்தால் என்ன இருக்கிறது? நடிகர் முகம், காலண்டர் சாமி, செல்போனில் பார்த்து எழுதிய கண்ணும் உதடும். சுத்தமான வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மதுரைப் பையன் கொண்டுவருவதும் அதே படம், சேலத்துப் பெண் கொண்டுவருவதும் அதே படம். பார்க்கிற ஆசிரியருக்கு இந்தப் பிள்ளை யார், எங்கிருந்து வருகிறது, எதை உற்றுப் பார்த்திருக்கிறது என்று ஒன்றும் தெரியாது. பொன்னானி பணிக்கருக்குக் கொடுத்ததை ஆரணி நமக்குக் கொடுக்கும். எடுத்துக்கொள்ளத் தெரியணும்.

தந்தி இலாகா உத்தியோகம்

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பணிக்கருக்குத் தந்தை தவறிவிட்டார். குடும்ப பாரம் தலையில் விழுந்தது. படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். ஓவியப் பள்ளி என்பது அப்போது எட்டாத தூரம். ஆனாலும் வண்ணப்பெட்டியைத் தூக்கி மூலையில் போடவில்லை. 1936-ஆம் ஆண்டில், இருபத்தைந்தாவது வயதில்தான் சென்னை அரசு கலை கைவினைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

இருபத்தைந்து வயது! நம் ஊரில் அந்த வயதில் கல்யாணப் பேச்சு எடுத்துவிடுவார்கள். அவரோ பெஞ்சில் போய் மாணவராக உட்கார்ந்தார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் ஊர் நிலைமை. தறிக்கு இரண்டு கை போதாது என்பது ஆரணிக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் நெய்தால் இன்னொருவர் தார் சுற்றணும், பாவு போடுகிற அன்று வீடே தெருவில் நிற்கணும். படிக்கிற பிள்ளை நான்கு வருஷம் சென்னைக்குப் போய்விட்டால் வீட்டில் ஒரு கூலி ஆள் குறைகிறது என்று அர்த்தம். அதனால் பத்தாவதோடும் பிளஸ் டூவோடும் படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் உட்காரும் பிள்ளைகள் உண்டு. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு பையன் மறுபடி படிக்க ஆசைப்பட்டால் வயசாகிவிட்டது என்று அவனே வெட்கப்படுகிறான். வெட்கப்பட ஒன்றுமில்லை. இடையில் போன வருஷங்களில் கை ஓய்ந்துபோகாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி. தறிக்குழியில் உட்கார்ந்திருந்த வருஷங்களிலும் ஒரு நோட்டு பக்கத்தில் இருந்திருந்தால் போதும், அந்த நோட்டே அவனுடைய கட்டில் முதல் இடத்தில் வைக்கத் தகுந்தது.

பழைய பள்ளி, புதிய ஆசான்

பணிக்கர் சேர்ந்த பள்ளி சாதாரணமானதல்ல. 1850-ஆம் ஆண்டில் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அரசாங்கம் ஏற்று நடத்த ஆரம்பித்தது. ஓவியத்தோடு கைத்தொழில்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி என்ற பெயரில் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் நடக்கிறது.

பணிக்கர் சேர்ந்தபோது பள்ளியின் தலைவராக இருந்தவர் வங்காளத்துத் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மெரினா கடற்கரையில் பாறையை நெம்பித் தள்ளும் நான்கு தொழிலாளர்களின் சிலையை எல்லாரும் பார்த்திருப்போம். உழைப்பாளர் சிலை என்கிறோமே, அது இவர் கைவண்ணம்தான். உருவத்தை உற்றுப் பார்த்து வரைவதில் கண்டிப்பானவர். அவரிடம் படித்து முடித்த பணிக்கர் 1941-இல் அதே பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

மூன்று ஆண்டு கழித்து, 1944-இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். பம்பாயின் புகழ்பெற்ற முற்போக்குக் கலைஞர் குழு 1947-இல்தான் உருவானது. சென்னை மூன்று வருஷம் முந்திக்கொண்டது என்பதை நம்மவர்களே பலர் அறியமாட்டார்கள். தென்னாட்டு ஓவியர்களின் படங்கள் வெளியூர்களில் காட்சிக்குப் போக இந்தச் சங்கம் வழி பண்ணிக் கொடுத்தது. 1961-இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகையையும் நடத்தத் தொடங்கியது.

1954-இல் பணிக்கர் ஐரோப்பா போய்வந்தார். லண்டனிலும் பாரிசிலும் அவர் படங்கள் வைக்கப்பட்டன. அங்கே நவீன ஓவியங்களை நேரில் பார்த்தது அவரை உலுக்கியது. ஊர் திரும்பியதும் வெள்ளைக்காரர் பாணியைக் காப்பியடிக்கப் போகவில்லை. நம் மண்ணுக்கென்று ஒரு நவீன ஓவியம் எப்படி இருக்கும் என்ற கேள்வி அதன் பிறகு அவரை விடவே இல்லை.

கல்லூரி முதல்வர்

1957-இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு பணிக்கர் அந்த நிறுவனத்தின் தலைவரானார். 1967 வரை பத்து ஆண்டுகள். பள்ளி கல்லூரியாக உயர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். சிற்பி எஸ். தனபால் போன்றவர்கள் ஆசிரியர்களாக இருந்தார்கள். மேல்நாட்டு முறையில் உருவம் வரையக் கற்றுக்கொண்டால் போதாது, நம் நாட்டுக் கோடு எப்படி ஓடுகிறது என்பதையும் மாணவர்கள் தேடிப் பார்க்கணும் என்பது அவருடைய வழி. எழும்பூர் அருங்காட்சியகம் கல்லூரிக்கு அருகிலேயே இருக்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் அங்கே காத்திருந்தன.

அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்கள் யார் யார்? துறையூர் பக்கத்துக் கீழக்குறிச்சியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த கே.எம். ஆதிமூலம் 1959-இல் சென்னைக்கு வந்தார். தனபாலின் வழிகாட்டுதலில் கல்லூரியில் சேர்ந்து 1966-இல் படிப்பை முடித்தார். தமிழ்ப் பத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் அவருடைய கோட்டைப் பார்க்காத வாசகர் இருக்க முடியாது. கேரளத்திலிருந்து வந்த விஸ்வநாதன் பிற்காலத்தில் பாரிசில் போய்க் குடியேறி உலகப் புகழ் பெற்றார்.

இன்னொருவர் கே. இராமானுஜம். பள்ளிப் படிப்பு அவருக்கு ஏறவில்லை. பேச்சு தெளிவாக வராது. மனநோயாலும் அவதிப்பட்டார். ஆனால் பேனா மையால் அவர் எழுதிய கனவு மாளிகைகளையும் பாம்புகளையும் பறக்கும் உருவங்களையும் பார்த்த பணிக்கர், இவன் வேறு ஜாதிக் கலைஞன் என்று கண்டுகொண்டு அரவணைத்தார். இராமானுஜம் 1973-இல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். அவருடைய படங்கள் இன்றைக்கு இந்திய ஓவிய வரலாற்றில் தனி அத்தியாயம். மார்க் ஷீட்டை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இந்த மனிதர் அகப்பட்டிருக்கமாட்டார். படத்தைப் பார்க்கிற கண்ணுக்கு அகப்பட்டார்.

வயிறு நிறையுமா?

இனிப் பெற்றோர்களின் கேள்விக்கு வருவோம். அந்தக் கேள்வியைப் பணிக்கர் அலட்சியம் பண்ணவில்லை. தந்தையை இழந்து குடும்பத்துக்காக உத்தியோகம் பார்த்தவர் அல்லவா, பசியின் கணக்கு அவருக்குத் தெரியும். படித்து முடித்த நல்ல நல்ல மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கிடைத்த வேலைக்குப் போய், தூரிகையை மறந்துவிடுவதைக் கண்ணால் பார்த்தார்.

அவர் கண்ட வழி கைத்தொழில். ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி, உலோக வேலை, மண் வேலை போன்றவற்றைச் செய்து விற்கலாம். அந்த வருமானம் சோற்றைப் பார்த்துக்கொள்ளும். மிச்ச நேரம் சொந்தப் படத்துக்கு. கைவினை செய்வது கலைஞனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். பணிக்கர் அப்படி நினைக்கவில்லை. கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமம் பிறந்தது. அன்றைக்கு அது வெறும் மணலும் சவுக்கும். கலைஞர்கள் தாங்களே வீடு கட்டிக்கொண்டு, தங்கள் உழைப்பில் தாங்களே நடத்திய கிராமம் இது. இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. சென்னை போகிறவர்கள் ஒரு தடவை இறங்கிப் பார்க்கணும்.

தறிக்காரர் வீட்டுக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று. அந்தக் கல்லூரியில் படித்த எம். ரெட்டெப்ப நாயுடு, ஆதிமூலம் போன்றவர்கள் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். பெரிய ஓவியர்கள், சேலைக்கும் துணிக்கும் டிசைன் போட்டார்கள்! நம்ம ஊரில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிப் புட்டா போடுகிறவரையும், அதைப் பார்த்து ஜக்கார்டுக்கு அட்டை குத்துகிறவரையும் நாம் கலைஞர் என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டும். இன்றைய கலைக்கல்லூரியில் துணி வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதில் சேர வருகிற நகரத்துப் பிள்ளை பாவு எது, ஊடை எது என்று முதல் வருஷம் உட்கார்ந்து படிக்கணும். நம் பிள்ளை தொட்டிலிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தது.

எழுத்தும் குறியும்

பணிக்கரின் கடைசிக் காலத்துப் படங்களைப் பார்த்தால் முதலில் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் மலையாள எழுத்தைப் போன்ற வரிகள் பக்கம் பக்கமாக ஓடும். நடுவே கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டம், மீன், பறவை. எழுத்தைப் படிக்க முயன்றால் படிக்க வராது. பார்ப்பதற்காகவே எழுதிய எழுத்து. பொன்னானித் தென்னந்தோப்பிலிருந்து கிளம்பியவர் வந்துசேர்ந்த இடம் இது. ஜாதகக் கட்டத்தைப் படமாகப் பார்க்கத் தெரிந்த அந்தக் கண்ணுக்கு, நம் வீட்டு கிராஃப் தாளும் ஓட்டை குத்திய அட்டையும் என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1976-இல் லலித் கலா அகாதெமி தன் உயரிய ஃபெலோ விருதை அவருக்கு அளித்தது. 1977 ஜனவரியில், அறுபத்தைந்தாவது வயதில் சென்னையில் காலமானார். திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரில் ஒரு ஓவியக்கூடம் இருக்கிறது. அவருடைய மகன் எஸ். நந்தகோபால் உலோகச் சிற்பத்தில் பெயர் பெற்றவர். சோழமண்டலத்தைப் பல ஆண்டுகள் கட்டிக்காத்து 2017-இல் மறைந்தார்.

நம் பிள்ளைகளின் கட்டு

இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்கிறேன். கலைக்கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளை ஒன்பதாவதிலேயே ஒரு ஸ்கெட்ச் நோட்டை ஆரம்பிக்கட்டும். தினம் பத்து நிமிஷம் போதும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் இரண்டையும் எழுதிவிட்டால் கைக்கு ஒரு ஒழுங்கு வரும். பிளஸ் டூ முடியும்போது நோட்டுகளிலிருந்தும் தாள்களிலிருந்தும் பதினைந்து இருபது படங்களைப் பொறுக்கி எடுத்தால் போதுமான கட்டு.

முதலில் பொருள்கள். நாடா, தார், பித்தளைச் சொம்பு, வீட்டு உரல். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எங்கே என்று பார்த்துப் பென்சிலில் எழுதணும். அடுத்தது மனிதர்கள். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முதுகு, நூல் எடுக்கிற பாட்டியின் விரல், வேலை செய்யும்போதே வேகமாக எழுதிய கோடுகள். அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை, அசைவு இருக்கணும். தறி நிற்கிற நீள வீட்டை வாசலில் உட்கார்ந்து வரைந்தால் தூரக்காட்சி தானாகப் பிடிபடும்.

வண்ணத்துக்கு நமக்கா பஞ்சம்? சாயம் தோய்த்துக் காயப்போட்ட பட்டு நூலைப் பார்த்து வாட்டர் கலரில் நான்கு படம் போடலாம். வெளியே போனால் கமண்டல நாக நதி, எஸ்.வி. நகரத்து அரண்மனை, தேவிகாபுரம் கோயில். போளூர் வழியில் திருமலைச் சமணக் கோயிலில் பழைய சுவரோவியங்களே இருக்கின்றன. டிசைனுக்குச் சொந்தமாக ஒரு புட்டாவும் ஒரு முந்தியும் கிராஃப் தாளில். கடைசியாக, எதையும் பார்க்காமல் மனசிலிருந்து வரைந்த இரண்டு மூன்று. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி போட்டு வைத்தால் கை வளர்ந்த விதம் தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லித் தருகிற ஆசிரியரின் கை பட்ட படம் கட்டில் வரக்கூடாது. நல்லெண்ணத்தில் மூக்கைத் திருத்தி, நிழலைச் சரிபண்ணிக் கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. நுழைவுத் தேர்வில் பிள்ளை தனியாக உட்கார்ந்து வரையும்போது இரண்டு கையும் வேறு வேறு என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். கோணலாக இருந்தாலும் பிள்ளையின் கோடே அங்கே பேசணும். சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகளின் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்குப் பட்டுக் கடை இருக்கிறது, தறி இருக்கிறது, சிலர் பள்ளி ஆசிரியர்கள். உங்கள் தெருவில் படம் வரைகிற பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். வாட்டர் கலர் பெட்டியும் நல்ல தாளும் நெசவுக் கூலியில் வாங்குவது எளிதல்ல. ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்துத் தாளை வாங்கிக் கொடுங்கள். சென்னைக்கு நேர்முகத்துக்குப் போகிற அன்றைக்கு, தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டுக் கூடப் போக முடியாத அப்பா இருந்தால், அந்தப் பிள்ளையோடு நீங்கள் பஸ் ஏறுங்கள். தந்தி இலாகாவில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் வண்ணப்பெட்டியை விடாமல் வைத்திருந்ததால் தென்னாட்டு ஓவியத்துக்கே ஒரு தலைமுறை கிடைத்தது. நம்ம ஊர்த் தறிக்குழியிலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.